மூன்று வருடம் காசு சேர்த்து வாங்கிய ஸ்கோப்

ஒருவழியாக வாங்கிவிட்டேன். ரைஃபிள் மேல் பொருத்திக் குறிபார்க்கும் தொலைநோக்கி, ஷ்மிட் அண்ட் பெண்டர் பிஎம் 2, 5-25×56 (5 முதல் 25 மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸ் 56 மி.மீ.). ரைஃபிளைவிட இதற்குத்தான் காசு அதிகம். "பெரிதாகக் காட்டும் ஒரு கண்ணாடிக்கா இவ்வளவு?" என்று வீட்டில் கேட்டார்கள். பெரிதாகக் காட்டுவதற்கு இல்லை, திருகிய அளவுக்குக் குறி சரியாக நகர்வதற்கு.

பழைய ஸ்கோப்பிலும் காட்சி பளிச்சென்றுதான் இருந்தது. ஒருநாள் 100 மீட்டரில் தூக்குநூல் பிடித்து நேர்க்கோடு போட்டு, டரட்டை, அதாவது குறியை ஏற்றி இறக்கும் திருகை, 10 மில் ஏற்றிச் சுட்டேன் (ஒரு மில் என்றால் தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). குண்டு சரியாக ஒரு மீட்டர் மேலே பட வேண்டும். டேப் வைத்து அளந்தால் 97 சென்டிமீட்டர்! ஒட்டாவாவின் கனாட் துப்பாக்கிச்சுடு தளத்தில் 900 மீட்டருக்குச் சுடும்போது, குண்டு கீழிறங்குவதை ஈடுகட்ட என் .308 ரக ரைஃபிளுக்கும் ஏறக்குறைய அதே 10 மில்தான் ஏற்ற வேண்டும். அந்தத் தூரத்தில் 3 சென்டிமீட்டர் பிழை 27 ஆகிவிடும். ஒரு சீசன் முழுக்க என் மூச்சையும் விரலையும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

புதியதில் அதே சோதனை. அளந்தேன், நூறு. திரும்ப பூஜ்யத்துக்கு இறக்கிச் சுட்டதும் முதல் ஓட்டையைத் தொட்டுக்கொண்டே பட்டது. கண் கலங்கிவிட்டது.

வாங்க நினைப்பவர்கள் 25 மடங்கு என்ற எண்ணில் மயங்காதீர்கள். வெயில் ஏறினால் கானலில் இலக்கே நீந்தும். நான் 15 மடங்கைத் தாண்டுவது அபூர்வம். ரெட்டிக்கிள் (உள்ளே தெரியும் அளவுக்கோடுகள்) முதல் குவியத் தளத்தில், அதாவது ஜூம் லென்ஸுகளுக்கு முன்னால், இருந்தால் எந்த ஜூமிலும் மில் கணக்கு மாறாது. பாரலாக்ஸ் (கண் நகர்ந்தால் குறியும் நகர்வதுபோல் தெரியும் பிழை) சரிசெய்யும் திருகைத் திருகியபின் தலையை லேசாக அசைத்துப் பாருங்கள், குறுக்குக்கோடு இலக்கைவிட்டு நகரக் கூடாது.

சனிக்கிழமை 900க்குப் போகிறேன்.