ஆக்டிங் டிரைவர்

கோவையில் ஒரு தனியார் பள்ளியில் வேன், பஸ் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. எந்த வண்டி எந்த ரூட், எந்த ஸ்டாப்பில் யார் ஏறுகிறார்கள், வண்டியின் தகுதிச் சான்றான எஃப்.சி. எப்போது முடிகிறது, மழை பெய்து லங்கா கார்னர் பாலத்தடியில் தண்ணீர் நின்றால் எப்படிச் சுற்றிப் போவது என்று நாள் முழுக்க இதே பேச்சுத்தான். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து எனக்குப் பெரிய தலைவலி ஆக்டிங் டிரைவர்தான். வழக்கமாக ஓட்டுகிறவருக்கு வீட்டில் விசேஷம், காய்ச்சல், ஊரில் ஒரு சாவு என்றால், அவரே தனக்குத் தெரிந்த ஒருவரை அனுப்பிவிடுவார். சாவி கை மாறும். குழந்தைகள் ஏறிக்கொள்வார்கள். யார் ஓட்டினார் என்பது சாயங்காலம்தான் எனக்குத் தெரியவரும். ஊர் முழுக்க அன்றைக்கு அதுதான் நடைமுறை.

2010 அக்டோபர் 29, வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் ஊரில் அக்கா, தம்பி இரண்டு குழந்தைகள் பள்ளி வேனுக்காக வீட்டுக்குப் பக்கத்தில் காத்திருந்தபோது கடத்தப்பட்டார்கள். அக்காவுக்கு 10 வயது, தம்பிக்கு 7. எங்கள் பள்ளிக் குழந்தைகள் இல்லை. கூட்டிப்போனவன் முன்பு அவர்களைப் பள்ளிக்கு ஏற்றிப்போன டிரைவர். தெரிந்த முகம் என்பதால் நம்பி ஏறினார்கள். வழியில் அவனுடைய கூட்டாளி ஒருவன் சேர்ந்துகொண்டான். அந்தப் பெண் குழந்தைக்கு நடந்த கொடுமையை இங்கே எழுத மாட்டேன். இரண்டு பேருக்கும் பாலில் சாணிப்பவுடர் கலந்து கொடுத்தார்கள். அப்புறம் பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம் ஆழியாறு திட்ட வாய்க்காலில் தள்ளிவிட்டார்கள். கொங்குப் பக்கத்தில் வாசல் தெளிக்க வாங்கும் அந்த மஞ்சள் பொடி எவ்வளவு கொடிய விஷம் என்பது இங்கே எல்லா வீட்டுக்கும் தெரியும். அப்படியும் எந்த மளிகைக் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைத்த பொருள் அது.

சனி, ஞாயிறுக்குள் உடல்கள் கிடைத்தன, இரண்டு பேரும் கைதானார்கள். திங்கட்கிழமை நான் பள்ளிக்குப் போனபோது கேட்டில் நிற்க இடமில்லை. எப்போதும் வண்டி ஏற்றிவிட்டு வீட்டு வேலையைப் பார்க்கப் போகும் அம்மாக்கள் எல்லாம் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்துவிட்டார்கள். அப்பாக்கள் லீவு போட்டு வந்திருந்தார்கள். "அவன எங்க கையில கொடுக்கச் சொல்லுங்க மேடம், கேஸே வேண்டாம்" என்று ஒரு அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார். எத்தனையோ வருஷமாக அவரை எனக்குத் தெரியும், உரத்துப் பேசிக் கேட்டதே இல்லை. போலீஸ் விடக் கூடாது, ஜாமீன் கொடுக்கக் கூடாது, எந்த வக்கீலும் அவனுக்காக நிற்கக் கூடாது என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிந்தது. நானும் பிள்ளை பெற்றவள். தங்கள் பிள்ளையை மனசுக்குள் அந்த வண்டியில் ஏற்றிப் பார்க்காத பெற்றோர் அன்றைக்கு ஊரில் யாரும் இல்லை.

அன்று காலையில் சிங்காநல்லூர் ரூட் வண்டி வந்து நின்றது. அதை ஓட்டிய அண்ணன் எங்களிடம் பல வருஷமாக இருந்தவர். எல்.கே.ஜி. குழந்தைகளை இடுப்பைப் பிடித்துத் தூக்கி இறக்குவார், அவிழ்ந்த ஷூ லேஸைக் குனிந்து கட்டிவிடுவார், தண்ணீர் பாட்டிலை வண்டியிலேயே விட்டுப்போகும் பையன்களின் பெயர் முழுக்க அவருக்கு மனப்பாடம். ஒரு அப்பா அவரிடம் போய் லைசென்ஸைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தார். செல்போனில் அதைப் படம் பிடித்தார்கள், அப்புறம் அவர் முகத்தையும். "பேட்ஜும் வேணுங்களா?" என்று சட்டையில் குத்தியிருந்ததைக் கழற்றி நீட்டினார். கோபமாகக் கேட்கவில்லை. நியாயமான கேள்வியைத்தானே கேட்கிறார்கள் என்ற முகத்தோடுதான் நின்றார்.

அன்றிலிருந்து அவர் குழந்தைகளைத் தொடுவதை விட்டுவிட்டார். வண்டி நின்றதும் இறங்கி வந்து கதவைத் திறப்பார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பார். படி உயரமாக இருக்கும் சின்னப் பிள்ளைகள் "அண்ணா, கை கொடுங்கண்ணா" என்று கூப்பிட்டால் என்னை நிமிர்ந்து பார்ப்பார். நான் ஓடிப்போய்த் தூக்கி இறக்குவேன். மற்ற டிரைவர்களும் அப்படித்தான் ஆனார்கள். டீக்கடையில் காக்கிச் சட்டையோடு உட்கார ஒரு மாதிரி இருக்கிறது என்று சொன்னார்கள். அந்த அண்ணன் வருஷப் பரீட்சை முடிந்ததும் கணக்கை முடித்துக்கொண்டு மில் லாரி ஓட்டப் போய்விட்டார். "மூட்டை ஏத்துனா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க மேடம்" என்றார். அந்த வார்த்தைக்கு என்னிடம் பதில் இல்லை.

அந்த வாரமே பெற்றோர் கூட்டம் நடந்தது. ஹால் நிறைந்து படிக்கட்டு வரை நின்றார்கள். இத்தனை வருஷ வேலையில் நான் பார்த்த கூட்டங்களிலேயே உருப்படியான கூட்டம் அது. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு ஆயா வேண்டும், டிரைவரின் போட்டோவும் போன் நம்பரும் எங்களிடம் இருக்க வேண்டும், காவல் நிலையத்தில் விசாரித்துச் சான்று வாங்க வேண்டும், வேறு ஆள் வண்டி எடுத்தால் காலையிலேயே வீட்டுக்குத் தகவல் வர வேண்டும் என்றெல்லாம் கேட்டார்கள். நான் நிர்வாகத்திடம் பலமுறை எழுதிக் கொடுத்த விஷயங்கள் இவை. பெற்றோர் ஒன்றாக நின்று கேட்டால் தட்ட முடியாது என்று நம்பினேன். ஆயா சம்பளத்துக்காக வேன் கட்டணம் கொஞ்சம் கூடும் என்று பிரின்சிபால் சொன்னபோது, "கூடட்டும் மேடம்" என்று பல குரல்கள் எழுந்தன.

வெள்ளிக்கிழமை தீபாவளி. எங்கள் தெருவில் அந்த வருஷம் பெரிதாக யாரும் வெடிக்கவில்லை. நவம்பர் 9 காலையில்தான் வெடித்தார்கள். கைதானவர்களில் அந்த டிரைவரை விசாரணைக்காக அழைத்துப் போனபோது போத்தனூர்ப் பக்கத்தில் துப்பாக்கியைப் பறித்துச் சுட்டான், திருப்பிச் சுட்டதில் செத்தான் என்று காவல் துறை சொன்னது. பள்ளிக்கு வரும் வழியெல்லாம் சரவெடிச் சத்தம். இனிப்பு கொடுத்தார்கள், போலீஸுக்கு மாலை போட்டார்கள், பாராட்டிப் போஸ்டர் ஒட்டினார்கள். எங்கள் ஸ்டாஃப் ரூமிலும் ஒரு டப்பா லட்டு சுற்றி வந்தது. இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வண்டியிலிருந்து இறங்கியதும், "தீபாவளி முடிஞ்சிருச்சே மிஸ், எதுக்கு வெடி?" என்று கேட்டான். பக்கத்தில் நின்ற பெரிய பெண் அவனுக்குப் பதில் சொன்னாள். "கெட்டவன் செத்துட்டான்டா" என்றாள். அவன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான்.

எனக்கும் அன்று நெஞ்சு ஆறியது உண்மை. அந்தக் குழந்தைகளின் படத்தைப் பத்திரிகையில் பார்த்த யாருக்கும் ஆறியிருக்கும். ஆனால் அதற்கடுத்த வாரங்களில் என் மேஜைக்கு வந்ததை, வராமல் போனதைப் பற்றித்தான் நான் எழுத நினைக்கிறேன். ஆயாவுக்கான கட்டணச் சுற்றறிக்கையைக் குழந்தைகளின் டைரியில் ஒட்டி அனுப்பினோம். கையெழுத்தாகித் திரும்பியது பாதிகூட இல்லை. "அதான் முடிஞ்சிருச்சே மேடம்" என்றார் கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து பேசிய ஒருவர். போலீஸ் சான்றுக்கு டிரைவர்கள் எல்லோரும் மனு கொடுத்தார்கள். தாள் வந்து சேர மாதக்கணக்கானது, எங்கே அந்தத் தாள் என்று கேட்டு ஒரு பெற்றோரும் வரவில்லை. ஆக்டிங் டிரைவர் வழக்கம் சத்தமில்லாமல் திரும்பி வந்தது. ஊரின் கோபம் முழுக்க ஒரு மனிதனின் மேல் இருந்தது. அவன் போனதும் அதுவும் போய்விட்டது. அவன் நுழைந்த வழி மட்டும் திறந்தே கிடந்தது.

கூட்டாளியின் வழக்கு கோவை மகளிர் நீதிமன்றத்தில் நடந்தது. 2012-ல் தூக்குத் தண்டனை. 2014-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2019 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. மூன்று நீதிபதிகளில் ஒருவர், குற்றம் நிரூபணமானதை ஏற்றுக்கொண்டாலும், தூக்குக்குப் பதில் வாழ்நாள் முழுக்கச் சிறை போதும் என்றார். சீராய்வு மனுவும் அந்த நவம்பரில் தள்ளுபடியானது. ஒரு வழக்கு இப்படித்தான் நகரும். சாட்சி, ஆவணம், மருத்துவ அறிக்கை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக் கேள்வி கேட்பார்கள். வருஷக்கணக்கில் ஆகும். 2019-ல் அந்தத் தீர்ப்பு வந்த நாளில் எங்கள் பள்ளிக் கேட்டில் அதைப் பற்றி யாரும் பேசிக் கேட்கவில்லை. 2010-ல் எல்.கே.ஜி.யில் இருந்த பிள்ளைகள் எட்டாம் வகுப்புக்கு வந்திருந்தார்கள்.

சட்டம் மாறியதும் உண்டு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்ஸோ சட்டம் 2012 நவம்பர் 14-ல் நடைமுறைக்கு வந்தது. எங்கள் வேலையை நேராகத் தொட்ட மாற்றம் வேறு வழியில் வந்தது. 2012 ஜூலையில் தாம்பரம் பக்கத்தில் பள்ளி பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்தாள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்தது. பள்ளி வாகனங்களுக்கென்று தனிச் சிறப்பு விதிகளை அரசு அந்த வருஷமே கொண்டுவந்தது. வண்டியில் உதவியாளர் இருக்க வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் எங்கள் நிர்வாகம் மறுக்க முடியாத விஷயமானது. எங்கள் ஊர்க் குழந்தைகளுக்காகப் பெற்றோர் கேட்ட ஆயா, இன்னொரு ஊரில் இன்னொரு குழந்தை போன பிறகு வந்து சேர்ந்தார். இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

கைது நடந்த அன்றே ஊர் தீர்ப்பு எழுதிவிடுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2017-ல் சென்னை போரூர்ப் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு சிறுமி காணாமல் போய், எரிந்த உடலாகக் கிடைத்தாள். அங்கேயே குடியிருந்த ஒரு இளைஞர் கைதானார். அவரை நீதிமன்றத்துக்குக் கூட்டி வந்தபோது அடிக்கப் பாய்ந்தார்கள். கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் தூக்குத் தண்டனை கொடுத்தன. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. குற்றம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்படவில்லை, சிசிடிவி பதிவைக்கூட முறையாகச் சேகரித்துச் சாட்சியமாக வைக்கவில்லை, வழக்கை எதிர்கொள்ள அவருக்குச் சரியான வாய்ப்பும் தரப்படவில்லை என்றது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு அந்தக் குழந்தையின் வீட்டாரைத்தான் நினைக்கத் தோன்றியது. எட்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பதிவான காட்சியை ஒழுங்காக எடுத்து வைத்தீர்களா என்று முதல் வாரத்திலேயே கேட்டிருக்க வேண்டும். ஊர் அப்போது கைதோடு திருப்திப்பட்டு நின்றிருந்தது.

2018 மே மாதம் குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஆடியோ பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில், குலதெய்வம் கும்பிடக் காரில் வந்த 65 வயது அம்மா ஒருவர் அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அதற்காகவே ஊர் கூடி அடித்துக் கொன்றது. அதே மாதம் எனக்கும் போன் மேல் போன். ஸ்டாப் பக்கத்தில் இந்திக்காரன் ஒருத்தன் நிற்கிறான், பார்வையே சரியில்லை என்பார்கள். போய்ப் பார்த்தால் ஷிப்ட் முடிந்து ரூமுக்குப் போகும் மில் பையனாக இருப்பான். முகம் வெளுத்துப் போய், ஐ.டி. கார்டைக் கையில் நீட்டியபடி நிற்பான். பேட்ஜைக் கழற்றிக் கொடுத்த அண்ணன் நினைவுக்கு வருவார். எங்கள் ஊர்க் குழந்தைகளைக் கூட்டிப்போனது வெளியூர் ஆள் இல்லையே, அவர்களுக்குப் பழகிய முகம்தானே என்று சொன்னால், போனில் அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிடும்.

இப்போது எங்கள் பள்ளியில் ஆக்டிங் டிரைவர் என்று வெளியிலிருந்து யாரும் வண்டியைத் தொட முடியாது. மாற்று டிரைவர்களை நாங்களே சம்பளத்துக்கு வைத்திருக்கிறோம். அவர்களுக்கும் சான்று, போட்டோ எல்லாம் உண்டு. வண்டி மாறினால் ஆறரை மணிக்குள் வீட்டுக்கு மெசேஜ் போகும். வண்டி சொன்ன நேரத்துக்கு முன்னால் வந்தால் ஏறாதே, உள்ளே போய் அம்மாவைக் கூப்பிடு என்று ஜூன் மாதம் முதல் வாரத்தில் ஒவ்வொரு வகுப்பாகப் போய்ச் சொல்கிறேன். சாயங்காலம் குழந்தையை யார் அழைத்துப் போகலாம் என்று ஒரு படிவம் கொடுக்கிறோம். அதில் இல்லாத ஆள் வந்தால், தாத்தாவே ஆனாலும், அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்ட பிறகுதான் அனுப்புவோம். "என்னைத் தெரியாதா மேடம், தினம் பாக்கறீங்களே" என்று சத்தம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தெரியுங்க, கொஞ்சம் உட்காருங்க என்று நாற்காலியைக் காட்டுவேன்.

மாற்று டிரைவர்கள் சம்பளத்தை அடுத்த கல்வியாண்டில் குறைக்கலாமா என்று நிர்வாகத்தில் ஒரு பேச்சு ஓடுகிறது. கூடாது என்று காரணங்களோடு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த முறை பெற்றோர் சிலரையும் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட வைத்தேன். சிங்காநல்லூர் ரூட்டில் ஏறும் ஒரு யு.கே.ஜி. குழந்தையின் அம்மாதான் முதல் கையெழுத்து. 2010-ல் அவர் எங்கள் பள்ளியிலேயே பத்தாவது படித்துக்கொண்டிருந்தார். அதே வண்டியில்தான் வந்துபோனார்.