டேங்கர் லாரி எங்கே நிற்கும்?

கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை சாலைப் பக்கம் மூன்று ஏக்கருக்குச் சற்று கூடுதலான ஒரு மாந்தோப்பு. அதில் ஸ்டில்ட்டுக்கு, அதாவது தூண்கள் மட்டும் நிற்கிற, கார் நிறுத்தும் தரைத்தளத்துக்கு மேல் ஐந்து மாடி வைத்து நான்கு பிளாக் கட்ட வேண்டும், பிளான் போட்டுக் கொடுங்கள் என்று எங்களிடம் வேலை வந்தது. பில்டர் உள்ளூர்க்காரர், நல்ல மனிதர். ஆனால் வளாகத்துக்குள் ஜனங்கள் பயமில்லாமல் நடக்க வேண்டும், அதை வைத்துத்தான் மொத்த பிளானும் என்று நான் ஆரம்பித்ததுமே சிரித்துவிட்டார். "சார், நம்ம ஊர்ல நடக்கறதுக்கா பிளாட் வாங்கறாங்க? காரை எங்க நிறுத்தறதுன்னுதான் முதல்ல கேக்கறாங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. யூடிஎஸ் (மொத்த நிலத்தில் நம் பங்கு) எவ்வளவு, பார்க்கிங் உண்டா, வாஸ்துப்படி வாசல் எந்தப் பக்கம், இதைத் தாண்டி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

பெங்களூருவில் இதற்கு ஒரு சுலபமான வழி வைத்திருக்கிறார்கள். காரையெல்லாம் பேஸ்மென்ட்டில் இறக்கிவிட்டு மேலே தோட்டம் போட்டுவிடுவார்கள். எங்கள் இடத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, கொஞ்சம் தோண்டினாலே பாறை. வெடி வைக்க அனுமதி வாங்கி, பக்கத்து வீட்டுச் சுவர் விரிசல் விட்டது என்று பஞ்சாயத்து பேசி முடிப்பதற்குள் பில்டர் வேறு தொழிலுக்கே போய்விடுவார். கார் தரைமட்டத்தில்தான், ஸ்டில்ட்டில்தான் என்று முதலிலேயே முடிவாகிவிட்டது. அதில் எனக்குப் பெரிய வருத்தமும் இல்லை. அமெரிக்காவில் ராட்பர்ன் என்று ஒரு ஊர், 1929லேயே கார் போகும் வழியையும் ஆள் நடக்கும் வழியையும் தனித்தனியாகப் பிரித்து, சாலைக்கு அடியில் சுரங்கப்பாதை வரைக்கும் போட்டுக் கட்டினார்கள். ஆனாலும் பிள்ளைகள் பின்பக்கப் பூங்காவை விட்டுவிட்டு, கார் வந்து போகிற முட்டுச்சந்துகளில் விளையாடத்தான் விரும்பினார்கள். அதனால் எங்கள் இடத்தில் காரை ஒளித்து வைப்பதைவிட அதன் வேகத்தைக் குறைப்பதுதான் சரி என்று பட்டது.

நடைபாதை வரைவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. குடியிருப்புப் பகுதியில் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்று சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்கிறது, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் இடிக்காமல் போகலாம், அவ்வளவுதான். கோடு போட்டு, பச்சை வண்ணம் அடித்து, இரண்டு பெஞ்ச் வைத்தால் பிரோஷரில் அழகாக வந்துவிடும். தினமும் உள்ளே வரும் வண்டிகள் என்னென்ன, அவை எங்கே போய் நிற்கும் என்பதில்தான் வேலையே இருக்கிறது. தண்ணீர் டேங்கர், குப்பை வண்டி, கேஸ் சிலிண்டர் ஆட்டோ, ஸ்கூல் வேன், ஓசூர் கம்பெனி பஸ், சாப்பாடு கொண்டுவரும் பைக்குகள், வீடு மாறுகிறவர்களின் மினி லாரி. இதில் டேங்கர்தான் ராஜா. தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப் எங்கேயோ லாரி அங்கே! பிளம்பிங் கன்சல்டன்ட் வழக்கப்படி நான்கு பிளாக்குக்கும் நடுவில் சம்ப் போட்டிருந்தார், குழாய் நீளம் மிச்சமாகும் என்பது அவர் கணக்கு. அந்த ஒரு சதுரம் நடுவில் இருக்கும்வரை கோடைக்காலம் முழுக்க தண்ணீர் லாரிகள் பிள்ளைகள் விளையாடும் இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும், அதுவும் திரும்ப இடமில்லாமல் ரிவர்ஸில். நான் நடைபாதைப் பேச்சையே எடுக்கவில்லை. லாரி ஏறி இறங்கி ஒரே வருஷத்தில் பேவர் பிளாக் எல்லாம் உட்கார்ந்துவிடும் என்று மட்டும் பில்டரிடம் சொன்னேன். சம்ப் கேட்டுக்குப் பக்கத்தில் வந்தது, தண்ணீர் விடும் குழாயின் வாய் காம்பவுண்ட் சுவருக்கு வெளியே போனது. டேங்கர் உள்ளே வரவே வேண்டாம். குப்பை அறையும் அதே வழியில் முன்னால் வந்தது. கன்சல்டன்ட் கொஞ்ச நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, குழாயும் மோட்டாரும் பெரிதானது அவருக்குக் கௌரவப் பிரச்சினை.

ஸ்கூல் வேனுக்கும் அதே வைத்தியம். சின்னப் பிள்ளை வண்டிக்குப் பின்னால் நின்றால் டிரைவருக்குத் தெரியாது, வேன் உள்ளே வந்தால் எங்காவது ஒரு இடத்தில் பின்னால் எடுத்தே ஆக வேண்டும். அதனால் கேட்டுக்கு வெளியிலேயே வேனும் கம்பெனி பஸ்ஸும் ஒதுங்கி நிற்க ஒரு இடம், மேலே ஒரு கூரை. இதற்கு நிலம் எங்கிருந்து வரும்? 10,000 சதுர மீட்டருக்கு மேல் இடம் இருந்தால் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டின் 2019ஆம் வருஷக் கட்டட விதி, ஓஎஸ்ஆர் என்போம். எங்கள் கணக்கில் அது 30 சென்ட்டுக்கு மேல். பொதுவாக இந்த நிலத்தை விற்காத மூலையாகப் பார்த்து, கோணல்மாணலாக இருக்கும் பக்கம் தள்ளிவிடுவார்கள், ஓரத்தில் ஒரு பொதுப்பாதை தொட்டுக்கொண்டிருந்தால் போதும் என்று. நாங்கள் அதை மெயின் ரோட்டு முகப்பிலேயே கொடுத்தோம், அதையொட்டி எங்கள் எல்லைக்குள் பஸ் நிற்கும் இடம். முகப்பு நிலத்தைத் தானம் கொடுக்கச் சம்மதிக்க வைத்ததுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான காரியம். முகப்பில் பூங்கா இருந்தால் ரோட்டுச் சத்தமும் தூசியும் வீட்டுக்குள் வராது, முதல் பிளாக்குக்கும் நல்ல விலை வரும் என்ற வாதத்தில்தான் பில்டர் இறங்கி வந்தார்.

உள்ளே ஸ்பீட் பிரேக்கர் ஒன்றுகூடப் போடவில்லை. அதற்குப் பதிலாக, நடைபாதை கார் வழியைக் கடக்கிற இடங்களில் பாதையை இறக்காமல், கார் வழியை நடைபாதை மட்டத்துக்கு ஏற்றிவிட்டோம். வீல்சேரில் வருகிறவர் இறங்கி ஏற வேண்டியதில்லை, கார்தான் ஏறி இறங்க வேண்டும். யார் யாருக்கு வழி விட வேண்டும் என்பது போர்டு இல்லாமலே டிரைவருக்குப் புரிந்துவிடுகிறது. தரைக்கு கிரானைட், நம்ம ஊரில் அதற்கா பஞ்சம்? ஆனால் பளபளவென்று பாலிஷ் போட்டதைத்தான் பில்டர் கேட்டார். மழை பெய்தால் அதில் வயசானவர்கள் வழுக்கி விழுவார்கள், நெருப்பில் சுட்டுச் சொரசொரப்பாக்கிய கல்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினேன்.

அப்புறம் நிழல். ஏப்ரல் வெயிலில் நிழல் இல்லாத பாதையில் யாரும் நடக்க மாட்டார்கள், எவ்வளவு அகலமாகப் போட்டாலும் சரி. தோப்பில் இருந்த பெங்களூரா ரக மாமரங்களில் எவற்றைக் காப்பாற்ற முடியும் என்று குறித்துக்கொண்டு அவற்றை ஒட்டியே பாதையை வளைத்தோம். ஓரத்தில் ஒரு பெரிய புளிய மரமும் இருந்தது. பேய் இருக்கும் என்று இரண்டு பேர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டதும் அதை மட்டும் வெட்டிவிட்டார்கள், என்னால் தடுக்க முடியவில்லை. மாமரத்திலும் தொல்லை இல்லாமல் இல்லை. சீசனில் பழம் விழுந்து நசுங்கிப் பாதை முழுக்கப் பிசுபிசு, ஈ. காய் யாருக்குச் சொந்தம் என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பெரிய சண்டையே நடந்ததாகக் கேள்வி. கடைசியில் மொத்தமாக வியாபாரிக்குக் குத்தகை விட்டுவிட்டார்களாம்.

ஆட்கள் குடிவந்த பிறகு தகராறு வந்தது நான் நினைத்தே பார்க்காத இடத்தில். பின்பக்கத் தெருவில் பால் பூத், மளிகைக்கடை, டெய்லர், கோயில் எல்லாம் இருக்கின்றன. அதற்காகவே ஆள் மட்டும் நுழைகிற மாதிரி ஒரு சின்ன கேட் வைத்திருந்தோம். அதைச் சங்கம் பூட்டிவிட்டது. திருட்டுப் பயம், அங்கே ஒரு வாட்ச்மேன் போட்டால் மெயின்டனன்ஸ் ஏறும் என்கிறார்கள். பூட்டின மறுநாளிலிருந்து பால் வாங்க பைக்கை எடுக்கிறார்கள், முன் கேட் வழியாகச் சுற்றி, நடைபாதையே இல்லாத மெயின் ரோட்டோரமாக. உள்ளே நாங்கள் பார்த்துப் பார்த்துக் குறைத்த வண்டிகளில் பாதி இப்படியே திரும்பி வந்துவிட்டன. காலை ஆறு முதல் இரவு ஒன்பது வரையாவது திறந்து வையுங்கள் என்று அங்கே குடியிருக்கும் ஒரு அம்மா சங்கத்தோடு போராடிக்கொண்டிருக்கிறார், எனக்கும் போன் செய்து நீங்கள் வந்து சொன்னால் கேட்பார்கள் என்றார். போய்ச் சொன்னேன், கேட்கவில்லை. இப்போது ஓசூரில் எடுத்திருக்கும் வேலையில் பின் கேட் வாட்ச்மேன் சம்பளத்தையும் விற்கும்போதே மெயின்டனன்ஸ் கணக்கில் எழுதிக் காட்டுங்கள் என்று பில்டரிடம் கேட்டிருக்கிறேன். பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.