எழுபது சொல் அட்டை

நான் 'சரி' என்று சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது. மற்றபடி அந்த மாத வேலை நன்றாகவே முடிந்தது.

டார்கர் டேரம் பற்றிய அட்டை அது. அருங்காட்சியகத்தில் காட்சிப் பெட்டிக்குக் கீழே வைப்பது, எழுபது சொல்லைத் தாண்டக் கூடாது. எழுபது சொல்லில் ஒரு மனிதரை எங்கே அடக்குவது? 1920இல் கனடாவின் ஆல்பர்ட்டாவில், மைலோ என்ற சிற்றூரில் பிறந்தவர். நார்வேக்காரரான அப்பா, மகன் சிறுவனாக இருந்தபோதே நீரில் மூழ்கி இறந்துபோனார். இரண்டாம் உலகப் போர் வந்ததும் மகன் கனடா விமானப்படையில் சேர்ந்து நேவிகேட்டர் ஆனார். 1943 மே 16 இரவு ஜெர்மனியின் அணைகளை உடைக்கக் கிளம்பிய 19 லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களில், தலைவர் கை கிப்சனின் விமானத்துக்கு வழி சொன்னவர் இவர்தான். நான்கு மாதம் கழித்து டார்ட்மண்ட்-எம்ஸ் கால்வாயைத் தாக்க எட்டு விமானங்கள் போயின. ஐந்து திரும்பவில்லை. அந்த ஐந்தில் ஒன்றில் இவர் இருந்தார். வயது 23.

இதெல்லாம் எழுத எனக்குச் சிரமம் இல்லை. மாட்டிக்கொண்டது ஒரே இடத்தில்.

அணைக்கான குண்டைத் தண்ணீருக்கு 60 அடி மேலே பறந்துதான் போட வேண்டும். இருட்டில் அந்த உயரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? விமானத்தின் அடியில் இரண்டு விளக்குகளைப் பொருத்தினார்கள். இரண்டு ஒளிவட்டங்களும் தண்ணீரில் ஒன்றையொன்று தொட்டு எட்டுப் போலத் தெரிந்தால் உயரம் சரி. அதைப் பார்த்துச் சொல்வது நேவிகேட்டரின் வேலை. மற்ற நாட்களில் திரைக்குப் பின்னால் வரைபடமும் பென்சிலுமாக உட்கார்ந்திருப்பவர். வெளியே எட்டிப் பார்ப்பதே அபூர்வம். அன்று வலப்பக்கக் கண்ணாடிக் குமிழில் முகத்தை வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கு, இன்னும் இறங்கு என்று விமானிக்குச் சொல்லிக்கொண்டு.

அந்த வரிக்குக் கீழே இன்னொன்று எழுதியிருந்தேன்: அணைகள் உடைந்த வெள்ளத்தில் சுமார் 1,300 பேர் இறந்தார்கள், பாதிக்கு மேல் வெளிநாட்டுக் கைதிகளும் கட்டாயத் தொழிலாளிகளும். நேஹைம் ஊர் முகாமில் அடைபட்டிருந்த கிழக்கு ஐரோப்பியப் பெண்களும் அதில் அடக்கம்.

மேலாளர் படித்துவிட்டு, "இது அவருடைய அட்டை. வெள்ளத்துக்கு எதிர்ச் சுவரில் தனிப் பலகையே இருக்கிறதே" என்றார்.

"சரி" என்றேன்.

"அப்பா மூழ்கியது இருக்கட்டும். படிக்கிறவர்களுக்கு மனதில் நிற்கும்."

அதற்கும் "சரி".

அவர் சொன்னதில் தப்பு இல்லை. பலகை இருக்கிறது, அதில் என் வரியைவிட விவரம் அதிகம். அது மட்டுமல்ல, கிப்சனின் குண்டு அணைக்கு முன்னாலேயே வெடித்துவிட்டது. அவர் தாக்கிய மோனே அணையை உடைத்தது ஐந்தாவது விமானத்தின் குண்டு. டேரம் சொன்ன உயரத்தால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வெளியே வரவில்லை. பேருந்தில் போகும்போது இப்படிக் கணக்குப் போட்டுச் சமாதானம் ஆனேன். வீடு வருவதற்குள் அந்தக் கணக்கே அசிங்கமாகத் தெரிந்தது. குண்டு சரியாக விழ வேண்டும் என்றுதானே அவர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்?

ஆனால் நான் ஏன் அந்த வரியை எழுதினேன் என்பதும் யோசிக்க வேண்டியதுதான். அப்பா மூழ்கினார், மகன் போன இடத்தில் ஊரே மூழ்கியது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்தபோது எழுதுகிற எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் வந்ததே, அதை மறைக்க முடியாது. முகாமில் அடைபட்டிருந்த பெண்கள் என் வாக்கிய அழகுக்காகவா செத்தார்கள்? மேலாளர் இப்படிக் கேட்டிருந்தால் என்னிடம் பதில் கிடையாது. நல்லவேளை, அவர் கேட்டது இடத்தைப் பற்றி மட்டும். (இப்போது இங்கே மறுபடியும் இரண்டையும் சேர்த்துத்தானே எழுதியிருக்கிறேன்.)

அவரை மட்டும் குறை சொல்லவும் முடியவில்லை. டேரமின் தம்பி லார்னும் அண்ணனைப் போலவே விமானப்படையில் சேர்ந்து 1945 பிப்ரவரியில் கொல்லப்பட்டார். கணவன், இரண்டு மகன்கள் என்று ஹில்டா என்ற அந்த அம்மாவுக்கு மூன்று சாவு. முதல் வரைவில் இது இருந்தது. சொல் கணக்கு இடித்ததால் யாரிடமும் காட்டுவதற்கு முன்னாலேயே வெட்டிவிட்டேன். அப்போது எனக்கு எந்த உறுத்தலும் இல்லை, தேநீர் குடித்துக்கொண்டே வெட்டினேன்.

அட்டை அச்சாகி வந்த பிறகு ஒருநாள் பெட்டி முன் நின்று எண்ணிப் பார்த்தேன். 64 சொல். ஆறு மிச்சம். வெள்ளத்தில் 1,300 பேர் இறந்தார்கள் என்று அதில் எழுதிவிடலாம். தம்பியும் போரில் இறந்தான் என்று எழுதலாம். இரண்டும் சேர்ந்து வராது.