ஊட்டில தண்ணி 100 டிகிரில கொதிக்காதுங்க (ஏழாவது சயின்ஸ் ப்ராஜெக்ட்ல நாங்க பட்ட பாடு)

பையன் ஏழாவது படிக்கறான். வீட்லயே ஒரு வெப்பக் காப்பான் செஞ்சு, அதுல ஊத்துன சுடுதண்ணி எவ்வளவு மெதுவா ஆறுதுன்னு அளந்து ரெக்கார்டுல எழுதிட்டு வரணும், அவ்வளவுதான். செய்யறதெல்லாம் ஒண்ணுமே இல்ல, மத்ததுதான் உயிர வாங்கிடுச்சு. மலை மேல இருக்கறவங்க யாருக்காவது உதவட்டும்னு எழுதறேன், கொடைக்கானல்காரங்களுக்கும் இது பொருந்தும்.

ஷீட்ல மொத ஐட்டமே தெர்மாகோல் கப். 2019 ஜனவரி 1ல இருந்து தமிழ்நாடு பூரா தடை பண்ணுன லிஸ்ட்ல அது இருக்கு, அதுவும் நீலகிரில பிளாஸ்டிக்குக்கு எவ்வளவு கெடுபிடின்னு மேட்டுப்பாளையம் தாண்டி மேல வர்ற டூரிஸ்டுக்கே தெரியும், ஷீட் அடிச்சவங்களுக்கு மட்டும் தெரியல போல. மார்க்கெட்ல கேட்டதுக்கு கடைக்காரர், "ஏங்க்கா, எனக்கு ஃபைன் வாங்கிக் குடுக்கலாம்னு வந்தீங்களா"ன்னு சிரிச்சாரு.

அடுத்து தெர்மாமீட்டர். மெடிக்கல் ஷாப்ல கேட்டா காய்ச்சல் பாக்கறத எடுத்து நீட்டறாங்க, அது 42 வரைக்கும்தான், சுடுதண்ணில விட்டா அதோட கதை முடிஞ்சுது. இன்னொரு கடைல செவுத்துல மாட்டறது குடுத்தாங்க, அது 50. கடைசில கோயம்புத்தூர்ல காலேஜ் படிக்கற எங்க அக்கா பையன்கிட்ட சொல்லி லேப் சாமான் கடைல வாங்கிட்டு வரச்சொன்னேன். வாங்கறப்ப 110 வரைக்கும் கோடு போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க, பாதரசம் வேணாம், உள்ள சிவப்பா இருக்குமே அதே போதும், பசங்க கைல உடைஞ்சா பாதரசத்த அள்ள முடியாது.

செஞ்சது ரொம்ப ஈஸி. ஒரு பெரிய டப்பா, அடில ஒரு மரத்துண்டு, அதுமேல எவர்சில்வர் டம்ளர், சுத்தி மரத்தூள், மேல மூடி. பக்கத்துலயே அதே சைஸ்ல சும்மா ஒரு டம்ளர், மூடி கூட இல்லாம. மூடிய மட்டும் அசால்ட்டா விட்ராதீங்க, பாதி சூடு மேல ஆவியாவே போயிடும், சுத்தி என்ன வெச்சு அடைச்சாலும் வேஸ்ட்.

இப்ப மரத்தூள் பஞ்சாயத்து. மரம் அறுக்கற எடத்துல கேட்டா சும்மாவே ஒரு சாக்கு குடுத்துடறாங்க, ஆனா ஜூலைல ஊட்டில காஞ்ச மரத்தூள்னு ஒண்ணு கெடையவே கெடையாது. கைல புடிச்சா உருண்டை புடிக்கற அளவுக்கு ஈரம். வெயில்ல காய வெக்கலாம்னா வெயிலுக்கு எங்க போறது, ஜன்னலத் தொறந்தா மிஸ்ட் உள்ள வந்து உக்காந்துக்குது. மரத்தூள் சூட்டத் தடுக்கறதே நடுவுல மாட்டிக்கிட்டு இருக்கற காத்தாலதான், அந்த எடத்துல தண்ணி பூந்துடுச்சுன்னா காத்த விட இருபது மடங்குக்கு மேல சூட்டக் கடத்தும். பழைய இரும்புக் கடாயில போட்டு சிம்ல வெச்சு, கை எடுக்காம கிளறிக் காய வெச்சேன் (விட்டா பத்திக்கும், பசங்ககிட்ட குடுக்காதீங்க). வீடு பூரா தைல மர வாசனை, மாமியார் யாருக்கு சளின்னு கேட்டுட்டே இருந்தாங்க. ஆனா பலன் இருந்துச்சுங்க. ஈரத் தூள், வறுத்த தூள்னு ரெண்டு தடவையும் 86ல ஆரம்பிச்சு அரை மணி நேரத்துல சும்மா இருந்தது 51க்கு எறங்கிடுச்சு, ஈரத் தூள்ல வெச்சது 62, வறுத்த தூள்ல 73! பையன் குதிச்சான்.

அந்த சந்தோஷம் ரெக்கார்ட் திரும்பி வர்ற வரைக்கும்தான். "தண்ணி கொதித்தபோது 92 டிகிரி"ன்னு அவன் எழுதுனத செவப்பு இங்க்ல வட்டம் போட்டு, "100 என்று திருத்தவும், தெர்மாமீட்டர் பழுது"ன்னு எழுதி அனுப்பியிருக்காங்க. எனக்கு வந்துச்சே கோபம். இந்த ஊர்ல பருப்பு வேக எத்தன விசில்னு தெரிஞ்ச யாரும் இப்படி எழுத மாட்டாங்க. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்துல இருக்கு, மேல போகப்போக காத்தழுத்தம் குறையும், சுமாரா 300 மீட்டருக்கு ஒரு டிகிரின்னு கொதிநிலையும் எறங்கும், கணக்கு போட்டா 92, 93க்குத்தான் வரும். 100ன்னு எழுதுனாத்தான் பொய்.

வாயால சொன்னா எடுபடாதுன்னு தெரியும். அதனால ஸ்கூலுக்குப் போறப்ப மார்க்கெட்ல மீன் கடைல கொஞ்சம் ஐஸ் வாங்கி பிளாஸ்க்ல போட்டு எடுத்துட்டுப் போனேன். ஐஸ் உருகறது மலை மேலயும் 0தான், கீழயும் 0தான். மிஸ் கண்ணு முன்னாடி தெர்மாமீட்டர உருகற ஐஸ்ல வெச்சேன், கரெக்டா 0ல நின்னுச்சு. "இது பழுதா மிஸ்?"னு கேட்டேன். அப்புறம் அவங்க லேப்லயே தண்ணி கொதிக்க வெச்சு, அவங்க தெர்மாமீட்டரயே விடச் சொன்னேன். 93. அதுக்கு மேல போகவே இல்ல. லேப்ல இருந்த அண்ணன் ஒருத்தர், "நான் எப்பவும் பாக்கறதுதாங்க"ன்னாரு, அப்ப இத்தன வருஷமா யாருமே ரெக்கார்டுல எழுதலையாங்கறது எனக்கு இன்னும் புரியல.

வட்டத்த அடிச்சுட்டு பக்கத்துல சைன் போட்டுக் குடுத்தாங்க. ஆனா ஷீட்ல சொன்ன பொருள் கொண்டு வரலன்னு, அதான் அந்த தெர்மாகோல் கப்பு, அதுக்கு ரெண்டு மார்க் குறைச்சது குறைச்சதுதானாம். அடுத்த பிடிஏ மீட்டிங்குக்கு அந்தத் தடை லிஸ்ட பிரிண்ட் எடுத்து வெச்சிருக்கேன்.