வாதாபிப் பாறையில் தீர்ந்துபோன கயிறு

நான் விழுந்தது ஏறும்போது இல்லை, இறங்கும்போது. தரைக்கு இன்னும் இரண்டரை மீட்டர்தான் இருந்தது.

இடம் கர்நாடகத்தின் பாதாமி. 642-இல் நரசிம்மவர்ம பல்லவன் பிடித்த அதே வாதாபி. குடைவரைக் கோயில்களிலிருந்து தள்ளி நிற்கும் செம்மணற்பாறைகளில் ஏறுவதற்காகவே பெங்களூரிலிருந்து டிசம்பர் குளிரில் வருஷாவருஷம் போவோம்.

அன்று 28 மீட்டர் பாதை. மேலே பாறையில் பதித்திருந்த ஆங்கரில் கயிற்றைக் கோத்துவிட்டு, கீழே மறுபக்கக் கயிற்றைப் பிடித்திருந்த நண்பனுக்கு "இறக்கு மச்சான்" என்று குரல் கொடுத்தேன். பாறையைக் காலால் உதைத்து உதைத்து இறங்கும்போது ஒரு சுகம் இருக்கும். வேலை முடிந்தது என்று மனசு சொல்லிவிடும். திடீரென்று இடுப்பைப் பிடித்திருந்த கயிறு தொய்ந்தது. கீழே நண்பனின் பிலே கருவியை, அதாவது கயிற்றைப் பிடித்து மெல்ல விடும் கருவியை விட்டுக் கயிற்றின் வால் நழுவியிருந்தது.

அந்த உயரத்துக்கே மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வந்துவிடுகிறது. குதிகால் முதலில் இடித்தது, அப்புறம் மல்லாந்து பின்மண்டை கல்லில். ஹெல்மெட்டில் கட்டைவிரல் நீளத்துக்கு விரிசல். தலை தப்பியது, குதிகால் எலும்பு உடைந்தது.

கயிறு 60 மீட்டர் என்றே நம்பியிருந்தோம். போக 28, வர 28, தாராளமாகப் போதும். அன்றிரவு லாட்ஜ் வராந்தாவில் நண்பன் அழுதுகொண்டே அளந்தான். 54. போன வருஷம் தேய்ந்த நுனிகளை நாங்கள்தான் வெட்டினோம். கயிறு நுனிப் பக்கம்தான் அதிகம் தேயும், வெட்டியது சரி. மறுபடி அளந்து எழுதி வைக்காததுதான் தப்பு.

அதைவிடப் பெரிய தப்பு, வால் நுனியில் முடிச்சுப் போடாதது. முடிச்சு இருந்திருந்தால் கருவியில் வந்து மாட்டி நின்றிருக்கும். நான் அந்தரத்தில் தொங்கியிருப்பேன், அவ்வளவுதான். ஏறும் முன் இடுப்பில் கட்டும் ஹார்னஸின் பக்கிள், என் எட்டு வடிவ முடிச்சு, அவன் காரபைனர் கொக்கியின் பூட்டு என்று எல்லாவற்றையும் இருவரும் தொட்டுப் பார்த்தோம். கயிற்றின் மறுமுனையை இருவருமே பார்க்கவில்லை. அவன்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. பார்க்காததில் பாதி என்னுடையது.

பத்து மாதம் கழித்து ராமநகரம் பாறைக்குப் போனோம். பையைத் திறந்ததும் அவன் முதலில் வால் நுனியைத் தேடி எடுத்து முடிச்சுப் போட்டான்.

"போட்டாச்சு. நீயும் இழுத்துப் பாரு."

இழுத்துப் பார்த்த பிறகுதான் ஷூ மாட்டினேன்.