அலர்ஜியும் பணியிட விபத்துதான்: பொம்மசந்திராவில் ஓர் இ.எஸ்.ஐ. அலைச்சல்

"அலர்ஜிங்கிறது அவங்க உடம்பு வாகு, அதுக்குக் கம்பெனி என்ன பண்ணும்?" ஹெச்.ஆர். இப்படிச் சொன்னதில் ஆரம்பித்தது எல்லாம். எங்கள் தெருவில் இருக்கும் அக்கா பெங்களூர் பொம்மசந்திராவில் ஒரு பேக்கிங் யூனிட்டில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறார். பவுடர் போட்ட லேடக்ஸ் (ரப்பர் பால்) கையுறையால் ஷிஃப்ட் நடுவிலேயே அவருக்கு அனாபிலாக்சிஸ் என்கிற உயிருக்கே ஆபத்தான அலர்ஜி வந்தது: உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல், பிரஷர் இறங்கிவிட்டது. அவருக்காகக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தது நான். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பணம் வந்துவிட்டது. வந்த வழியில் பட்ட கஷ்டம் இன்னொருவருக்கு வரக்கூடாது.

முதல் கோணல் கேஷுவாலிட்டி சீட்டிலேயே விழுந்தது. கூட வந்த சூப்பர்வைசர் "காலையில் ஏதோ சாப்பிட்டிருப்பாங்க" என்று சொல்ல, டாக்டர் "உணவு அலர்ஜியாக இருக்கலாம்" என்று எழுதிவிட்டார். வேலை செய்த இடமும் இல்லை, கையுறையும் இல்லை. அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் டிஸ்சார்ஜ் சம்மரி எழுதினார்கள். அதைப் பார்த்துத்தான் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் சாதாரண நோய் என்று சர்ட்டிபிகேட் கொடுத்தார்கள்.

இதில் போவது சின்னத் தொகை இல்லை. நோய்க்கால உதவி என்றால் சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது, வருடத்துக்கு 91 நாள் வரம்பு, அதோடு இ.எஸ்.ஐ. சந்தா கட்டிய நாட்கள் கணக்கும் பார்ப்பார்கள். பணியிடக் காயம் என்றால் 90 சதவீதம், சந்தா நாட்கள் கேள்வியே இல்லை, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விபத்து என்றாலும் உண்டு. விபத்து நாளை விட்டு மூன்று நாளாவது வேலைக்குப் போக முடியாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தினம் 500 ரூபாய் சராசரி என்றால் 350-க்கும் 450-க்கும் உள்ள வித்தியாசம்.

ஆகவே கேஷுவாலிட்டியில் நோயாளி பேச முடியாவிட்டாலும் கூடப் போகிறவர் மூன்றைச் சொல்லி எழுத வைக்க வேண்டும்: எங்கே, என்ன வேலை செய்யும்போது, எந்தப் பொருள் பட்டு எத்தனை நிமிடத்தில். கம்பெனி ஆள் மட்டும் கூடப் போக விடாதீர்கள். லைனில் வேலை செய்யும் ஒருவராவது வண்டியில் ஏறட்டும்.

எங்களுக்கு அது தவறிப்போனதால் ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் எழுத்து மூலம் மனு கொடுத்தோம். சம்மரியை அடித்துத் திருத்தித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள், தரமாட்டார்கள், தந்தாலும் சந்தேகப்படுவார்கள். சிகிச்சை பார்த்த டாக்டரிடம் தேதி, கையெழுத்து, சீலோடு தனி இணைப்புக் குறிப்பு கேளுங்கள். பஞ்ச் நேரம், பக்கத்து லைன் பெண்ணின் வாக்குமூலம், கையுறைப் பெட்டியின் போட்டோ மூன்றையும் வைத்தோம். பெட்டியில் 'பவுடர் கலந்த லேடக்ஸ்' என்று அச்சாகியிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் டாக்டர் பேனாவை எடுத்தார்.

அடுத்தது விபத்து அறிக்கை. முதலாளி விபத்துப் பதிவேட்டில் எழுதி, படிவம் 12-ஐ இ.எஸ்.ஐ. கிளைக்கு அனுப்ப வேண்டும். கான்ட்ராக்டர் கம்பெனியைக் கையைக் காட்டினார், கம்பெனி கான்ட்ராக்டரை. கடைசியில் நீட்டிய கன்னட வாக்குமூலத்தில் "வெளியில் வாங்கிய உணவு சாப்பிட்டபின்" என்று ஒரு வரி நுழைந்திருந்தது. கன்னடம் பேசத் தெரியும், படிக்க வராது என்கிற நம்மவர்கள் பெங்களூரில் ஏராளம். படிக்கத் தெரிந்தவரை வைத்துப் படித்துக் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அக்கா போடவில்லை. ராஜினாமாக் கடிதமும் கேட்டார்கள், அதையும் தரவில்லை. தற்காலிக ஊன உதவி (அந்த 90 சதவீதப் பணம்) வாங்கும் காலத்தில் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று 2025 வரை அமலில் இருந்த இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆம் பிரிவு சொன்னது.

கம்பெனி, கான்ட்ராக்டர் இருவருக்கும் ஒரே கடிதத்தை ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பி, நகலை இ.எஸ்.ஐ. கிளை மேலாளருக்குக் கொடுத்தோம். அதில் அதே சட்டத்தின் 51ஏ பிரிவைக் குறிப்பிட்டோம்: வேலை நேரத்தில், வேலையின் போக்கில் நடந்த விபத்து, மாறாக ஆதாரம் இல்லாதவரை, வேலையால் வந்ததாகவே கொள்ளப்படும். உடம்பு வாகு என்று வாயால் சொல்வது ஆதாரம் ஆகாது. கவுண்டரில் முகம் கொடுக்காத கிளார்க், கடிதத்துக்கு இன்வர்ட் நம்பர் (வரவுப் பதிவு எண்) விழுந்ததும் கோப்பைத் தேடி எடுத்தார். இன்வர்ட் நம்பர் இல்லாமல் எந்த அலுவலகத்திலும் மனு கொடுத்துவிட்டு வராதீர்கள்.

பரிசோதனையிலும் ஒரு வீண் பயணம். தோல் பரிசோதனைக்குப் போனால், செட்ரிசின் என்கிற அலர்ஜி மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் செய்ய முடியாது, ஒரு வாரம் நிறுத்திவிட்டு வாருங்கள் என்றார்கள். முதலில் அப்பாயின்ட்மென்ட் கொடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அனாபிலாக்சிஸ் வந்தால் ரத்தத்தில் ஏறும் டிரிப்டேஸ் அளவைப் பார்த்திருந்தால் இன்னும் வலுவான சான்று. ஆனால் அதற்கு ரியாக்‌ஷன் வந்த சில மணி நேரத்துக்குள் ரத்தம் எடுக்க வேண்டும், ஒரு நாள் கழித்து ஒப்பிட இன்னொன்று. முதல் நாள் யாரும் எடுக்கவில்லை. லேடக்ஸ் அலர்ஜியைக் காட்டும் ஐ.ஜி.இ. ரத்தப் பரிசோதனையும் தோல் பரிசோதனையும்தான் கைகொடுத்தன.

வங்கிக் கணக்கு, ஆதார், இ.எஸ்.ஐ. மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக. நம் ஊர்ப் பெயர்களுக்கு இது தீராத தொல்லை, பணம் அதில் மாட்டிக்கொண்டது.

காகிதத்தைவிட முக்கியமான ஒன்று. யூனிட்டின் முதலுதவி அறையில் அவில் என்கிற சாதாரண அலர்ஜி ஊசி மட்டும்தான் போட்டார்கள், பிறகு கேட் வரை நடக்க வைத்தார்கள். இரண்டும் தப்பு. அனாபிலாக்சிஸுக்கு முதல் மருந்து அட்ரினலின்: பெரியவர்களுக்கு 1:1000 ஆம்பூலில் 0.5 மி.லி., தொடையின் வெளிப்பக்கத் தசையில். குறையவில்லை என்றால் 5 நிமிடம் கழித்து மறுபடி. விலையும் அதிகமில்லை. நோயாளியைக் கால் உயர்த்திப் படுக்க வைக்க வேண்டும். மூச்சு முட்டினால் உட்காரலாம், நடக்கவே கூடாது. மணிக்கணக்கில் கழித்து இரண்டாம் முறையும் வரலாம் என்பதால் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பார்கள், அவசரப்பட்டுக் கூட்டி வராதீர்கள்.

திரும்ப வேலைக்குப் போகும்போது ஃபிட்னஸ் சர்ட்டிபிகேட்டில் 'லேடக்ஸ் படக்கூடாது' என்று எழுதி வாங்குங்கள். அவருக்கு மட்டும் லேடக்ஸ் இல்லாத நைட்ரில் கையுறை கொடுத்தால் போதாது; மற்றவர் கையுறைப் பவுடரில் ஒட்டிய லேடக்ஸ் புரதம் காற்றிலும் பறக்கும். லைன் முழுக்க மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்து, அதற்கும் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறோம். வாழைப்பழம், அவகாடோ, கிவி சாப்பிட்டால் வாய் அரிக்கிறதா என்று டாக்டர் கேட்பார். பல் பிடுங்கப் போனாலும் ஆபரேஷன் என்றாலும் லேடக்ஸ் அலர்ஜி என்று முதலில் சொல்ல வேண்டும். அக்கா அதை ஒரு அட்டையில் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி, ஐ.டி. கார்டுக்குப் பின்னால் செருகியிருக்கிறார்.