மிளா போன வழி

ஓணம் கழிஞ்சு நாலஞ்சு நாள் இருக்கும், ராத்திரி சாப்பிட்டுட்டு திண்ணையில இருக்கேன், எனக்க அக்கா மகன் வாட்ஸ்அப்புல கூப்பிடுறான். அவன் அமெரிக்காவுல விஸ்கான்சின்ல வேலை பாக்கான். "மாமா, இஞ்ச கூட வேலை பாக்கவனுவ நவம்பர்ல மான் வேட்டைக்கு போறானுவ, என்னையும் வரச் சொல்றானுவ, நான் போகட்டுமா, போனா எப்படி மான் இருக்க இடத்த கண்டுபிடிக்க, நீங்கதான் எப்பவும் மலையில சுத்துவீங்களே"ன்னு கேக்கான்.

அங்க அது சட்டப்படி நடக்குற காரியம், அத முதல்லயே சொல்லிடுறேன். நவம்பர் கடைசியில ஒன்பது நாள் துப்பாக்கி சீசன் உண்டு, லைசென்ஸ் எடுக்கணும், 1973-லயும் அதுக்கு பிறகும் பிறந்தவங்க பொதுவா வேட்டை பாதுகாப்பு வகுப்புல படிச்சு பாஸ் ஆயிருக்கணும், காட்டுக்குள்ள போகும்போது கண்ணு கூசுற ஆரஞ்சு இல்லன்னா ரோஸ் கலர்ல மேல்சட்டை போடணும். மானுக்கு ஆரஞ்சும் செவப்பும் நமக்கு தெரியுற மாதிரி பளிச்சுன்னு தெரியாது, இன்னொரு வேட்டைக்காரனுக்கு தெரியும், அதுக்காக்கும் அந்த கலர். நான் ஜென்மத்துல துப்பாக்கிய கையில தொட்டதில்ல, அதனால சுடுறத பத்தி எங்கிட்ட கேக்காத மக்களே, அத அந்த வகுப்புல ஒழுங்கா படின்னு சொன்னேன். ஆனா மான் எங்க நிக்கும், எப்ப வரும், எந்த வழியா போவும்னு பாக்க நான் கத்துக்கிட ஆரம்பிச்சு இருபத்திரண்டு வருஷம் ஆவுது, அத சொல்லித்தர எனக்கு ரொம்ப ஆசை. அவங்கிட்ட போன்ல ஒரு மணி நேரம் பேசினேன், வச்ச பிறகும் சொல்லாம விட்டது எவ்வளவோ இருக்குன்னு தோணிச்சு, அதான் இத எழுதுறேன்.

நம்ம ஊர்ல இருந்து படிக்கிறவங்களுக்கு ஒண்ணு. இங்க வேட்டை கெடையாது. 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டம், அதுல லைசென்ஸ் வாங்கி சுடலாம்னு இருந்த வழியையும் 1991-ல எடுத்துட்டாங்க. சரணாலயத்துக்குள்ள வேட்டையாடினா மூணு வருஷத்துல இருந்து ஏழு வருஷம் வரை ஜெயில். உதிர்ந்து கெடக்குற கொம்பக்கூட வீட்டுக்கு எடுத்துட்டு வரக்கூடாது, அழகா இருக்கேன்னு வரவேற்பறையில மாட்டினாலும் கேஸ்தான். சரணாலயத்துக்குள்ள நடக்கவே வனத்துறை அனுமதி வேணும். எங்க கன்னியாகுமரி மாவட்டத்துல மூணுல ஒரு பங்குக்கு கிட்ட காடு, அது மிச்சம் இருக்குறதே இந்த சட்டத்தால தான்னு நான் நம்புறேன். அதனால இங்க உள்ளவங்க கத்துக்கிட வேண்டியது வேட்டைக்கு முந்தின பாதி, அதாவது பாக்குறது, மோப்பம் காட்டாம இருக்குறது, பொறுமையா இருக்குறது. அந்த பாதியே ஒரு மனுசனுக்கு ஆயுசுக்கும் போதும்.

எனக்கு சொல்லித்தந்தது பேச்சிப்பாறை அணைக்கு மேல, காணிப் பழங்குடிக்காரங்க குடியிருப்புல இருந்த ஒரு தாத்தா, பாட்டான்னு கூப்பிடுவேன். சட்டம் வாறதுக்கு முந்தி சின்ன வயசுல நாட்டுத்துப்பாக்கி காரங்க கூட போனவரு, பிறகு வனத்துறைக்கு வாட்சரா நின்னாரு, இப்ப அவரு இல்ல. முதல் நாள் நான் அவருகிட்ட மிளாவ எங்க பாக்கலாம்னு கேட்டேன். மிளான்னா வெளியூர்க்காரங்க கடமான்னு சொல்றது, நாட்டுல உள்ள மான்லயே பெருசு, நல்ல ஆண் இருநூறு கிலோவுக்கு மேல வரும். அவரு பதில் சொல்லல. தண்ணி ஓரம் ஒரு பாறையக் காட்டி, ஒரு மாசம் இதே இடத்துக்கு வா, நேத்து இல்லாதது இன்னைக்கு என்ன இருக்குன்னு மட்டும் சொல்லுன்னாரு. முதல் வாரம் எனக்கு ஒண்ணும் தெரியல. சேறும் கல்லும் மட்டும்தான்.

அணைக்கரை மாதிரி ஒரு பள்ளிக்கூடம் வேற கெடையாது. பேப்பர்ல தினமும் போடுவாங்களே, பேச்சிப்பாறை அணை மொத்தம் 48 அடி, பெருஞ்சாணி அணை 77 அடி, இன்னைக்கு நீர்மட்டம் இத்தன அடின்னு, விவசாயிங்க தண்ணி திறப்பாங்களான்னு பாக்க அத படிப்பாங்க, நான் தடத்துக்காக படிப்பேன். மாசி பங்குனியில தண்ணி இறங்க இறங்க கரையில புதுசா சேறு வெளிய வரும், ராத்திரி தண்ணி குடிக்க வந்ததெல்லாம் அதுல கையெழுத்து போட்டுட்டு போவும்.

அங்க பாட்டா ஒரு காலி தீப்பெட்டிய தடத்து பக்கத்துல வச்சு காட்டினாரு, நான் இன்னைக்கும் பைல ஒண்ணு வச்சிருக்கேன். மிளாத் தடம் தீப்பெட்டி நீளத்த விட கொஞ்சம் கூட இருக்கும், முன்பக்கம் கூர்ந்து ரெண்டா பிளந்து, தலகீழா நிக்குற இதயம் மாதிரி. கேழையாடுன்னா நாய் மாதிரி குரைக்குற சின்ன மான், அதுக்க தடம் தீப்பெட்டில பாதிய விட கொஞ்சம் பெருசு. சருகுமான் முசல் அளவுதான் இருக்கும், அதுக்கு நம்ம சுண்டுவிரல் நகம் அளவு கொஞ்சம் கூட, அத பாத்துட்டா அன்னைக்கு பூரா எனக்கு சந்தோசம். பன்னித் தடம் முன்னுக்கு மழுங்கி இருக்கும், பின்னால ரெண்டு சின்ன குளம்பும் அகலமா பதிஞ்சு கெடக்கும், புதுசா பழகுறவங்க பன்னிய பாத்துட்டு மிளான்னு சொல்றதுதான் அதிகம். காட்டுமாட்டுத் தடம் உள்ளங்கை அளவு இருக்கும், உருண்டையா, அத புதுசா பாத்தா அங்க நிக்கக்கூடாது, வந்த வழியே திரும்பிடணும். ஆனைக்கும் அதுதான். தடம் பாக்க குனிஞ்சே நடக்குறவன் நிமிந்து பாக்க மறந்துடுவான், பத்து அடிக்கு ஒருக்க நில்லு, கேளு, பிறகு நட.

தடம் யாருக்கதுன்னு தெரிஞ்சா பாதிதான் ஆச்சு, எப்ப விழுந்ததுன்னு தெரியணும், எனக்கு இதுலதான் ரொம்ப நாள் போச்சு. புதுத் தடத்துக்கு விளிம்பு கத்தியால வெட்டின மாதிரி நிக்கும், உள்ள தண்ணி இப்பதான் ஊறிட்டு இருக்கும், கலங்கலா இருக்கும். வெயில் பட்டா விளிம்பு உதிரும். குறுக்க சிலந்தி நூல் கட்டியிருந்தா ராத்திரி கதை. ரப்பர் தோட்டத்து ஓரத்துல தை மாசம் இலை உதிருற சமயம் இன்னும் லேசு, குளம்பு இலைய மிதிச்சு சேத்துக்குள்ள அமுக்கியிருந்தா இலை விழுந்த பிறகு மிளா போயிருக்கு, இலை தடத்துக்கு மேல சும்மா கெடந்தா மிளா போன பிறகு இலை விழுந்திருக்கு, இலை எவ்வளவு காஞ்சிருக்குன்னு பாத்தா நேரம் ஏறக்குறைய கைக்கு வந்துடும். இத முதல் தடவ எனக்கே தோணிச்சப்ப பாட்டா தலைய மட்டும் ஆட்டினாரு, எனக்கு அழுகையே வந்துட்டு.

தடம் தவிர உள்ளதும் பாக்கணும். மானுக்கு மேல்தாடையில முன்பல்லு கெடையாது, அதனால தின்ன கொப்பு நுனி பிஞ்சு நாரு நாரா இருக்கும், முசல் கடிச்சது பிளேடால சரிச்சு வெட்டின மாதிரி இருக்கும். ஆண் மிளா கொம்ப மரத்துல தேய்க்கும், பட்டை உரிஞ்சு கெடக்கும், எந்த உயரத்துல உரிஞ்சிருக்குன்னு பாத்தா ஆளு எம்புட்டு பெருசுன்னு தெரியும். சேத்துல உருண்டுட்டு போய் பக்கத்து மரத்துல உடம்ப ஒரசும், அந்த சேத்துல முடி ஒட்டியிருக்கும். காட்டுநெல்லி காய்க்குற காலத்துல, முழுசா முழுங்கிட்டு படுத்து அசை போடுற இடத்துல கொட்டைய மட்டும் துப்பிட்டு போயிருக்கும், மரமே இல்லாத இடத்துல நெல்லிக்கொட்டை குவிஞ்சு கெடந்தா அது மான் படுக்குற இடமா இருக்கலாம், அங்க திரும்பத் திரும்ப போய் மிதிச்சு கெடுக்காதீங்க.

அக்கா மகன் இருக்க ஊருல உள்ள வெள்ளைவால் மானும் இப்படித்தான், மரத்துல கொம்ப தேய்க்கும், கூட மண்ண காலால பறிச்சு மூத்திரம் விட்டு அடையாளம் வைக்குமாம், ஓக் மரத்து கொட்டை விழுற இடத்துக்கும் சோளக்காட்டு ஓரத்துக்கும் வரும். தின்னுற இடம், படுக்குற இடம், நடுவுல போற வழி, இந்த மூணையும் சீசனுக்கு ரொம்ப முந்தியே போய் பாத்து வை, சீசன் நெருங்கின பிறகு சும்மா உள்ள போய் உழப்பாதன்னு சொன்னேன். கேட்டானான்னு தெரியாது.

இனி காத்து. எத்தன சொன்னாலும் இத புதுசா வாறவங்க காதுல வாங்குறதில்ல. மான் கண்ண ஏமாத்தலாம், அசையாம இருந்தா நேர பாத்தும் மரம்னு விட்டுடும், மூக்க ஏமாத்த முடியாது. பாட்டா மடியில ஒரு சின்ன துணிக்கிழியில அடுப்புச் சாம்பல் வச்சிருப்பாரு, நிக்குற இடத்துல ரெண்டு தட்டு தட்டுவாரு, சாம்பல் எந்த பக்கம் போவுதோ நம்ம நாத்தம் அந்த பக்கம் போவும். காலையில வெயில் ஏற ஏற காத்து சரிவுல மேல போவும், சாயங்காலம் குளுந்து கீழ இறங்கும், அதனால காலையில மேல இருந்து பாக்கணும், சாயங்காலம் கீழ இருந்து பாக்கணும். இது மலை அமைதியா இருக்குற நாளைக்கு. ஆனி ஆடியில ஆரல்வாய்மொழி கணவாய் பக்கம் மேக்க இருந்து அடிக்குற காத்துல இந்த கணக்கெல்லாம் நிக்காது, முப்பந்தல்ல கரண்டு எடுக்குற காத்தாலை சுத்துற வேகத்த பாத்தவங்களுக்கு தெரியும், அப்பம்லாம் நான் மலைக்கே போறதில்ல, அட்டைக்கடி வேற.

நான் பண்ணின ஒரு தப்ப சொல்றேன். ஒரு பங்குனி, தலைவலின்னு நெத்தியில தைலம் தேச்சுட்டு போனேன், பாட்டாவுக்கு அது தெரியல. காத்து பின்னால இருந்து அடிச்சுது. எதிர் சரிவுல ஒரு பெட்டை மிளா தலைய தூக்குச்சு, வாலு நிமிந்துட்டு, முன்னங்கால தரையில டொக்குன்னு ஒரு தட்டு, பிறகு ப்பாங்க்னு ஒரு சத்தம், பழைய லாரி ஹாரன் மாதிரி, காடு பூரா கேக்கும். மந்தி எல்லாம் கூட சேந்து கத்த ஆரம்பிச்சுது. ஆனா அது ஓடல, அங்கயே நின்னு தட்டிட்டே இருந்துச்சு. ஏன் ஓடலன்னு பாக்க நான் ரெண்டு எட்டு முன்ன வச்சேன், பாட்டா சட்டைய பிடிச்சு பின்ன இழுத்தாரு. எனக்க காலுக்கு மூணடியில பெரணிக்குள்ள தவிட்டு நெறத்துல குட்டி ஒண்ணு காத தாழ்த்திட்டு மூச்சு விடாம கெடக்கு. இன்னொரு எட்டு வச்சிருந்தா மிதிச்சிருப்பேன். திரும்பி வாற வழி பூரா அவரு எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. குடியிருப்பு வந்த பிறகுதான் சொன்னாரு, தள்ள, அதாவது தாய், பக்கத்துல நிக்கும், நீ போனாத்தான் அது வரும், அதனால ஓடாதே ஆனா ஒடனே போயிருன்னு. தனியா கெடக்குற மான்குட்டிய பாத்து பாவம்னு வீட்டுக்கு தூக்கிட்டு வாறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு செய்யாதீங்க, அது அனாதை கெடையாது, தள்ள மேய போயிருக்கு அவ்வளவுதான்.

வேண்டாதது ஒண்ணும் கண்ணுல படும். ரெண்டு வருஷம் முந்தி ஒரு தோட்டத்து வேலி ஓரம் பைக் பிரேக் கேபிள்ல செஞ்ச சுருக்கு, கேழையாடு ஒண்ணு அதுல கெடந்து செத்து வயிறு ஊதியிருந்துச்சு. கழுத்துல கம்பி எலும்பு வரை போயிருந்துச்சு, சுத்தி மண்ணு வட்டமா உழுத மாதிரி கெடந்துச்சு, எம்புட்டு நேரம் சுத்தியிருக்கும் அது. எனக்கு அன்னைக்கு சோறு இறங்கல. சுருக்க பாத்தா இருக்க இடத்த ஒரு போட்டோ எடுத்துட்டு வனத்துறைக்காரங்ககிட்ட சொல்லுங்க, நம்ம கொஞ்சம் தடம் பாக்க கத்துக்கிட்டா இதுக்காவது உதவும்.

எங்க தொடங்கன்னு கேக்குறவங்களுக்கு, காட்டுக்குள்ள போகவே வேண்டாம். கீரிப்பாறை, காளிகேசம், தடிக்காரன்கோணம் பக்கம் சொந்தக்காரங்க இருந்தா, ரப்பர் பால்வெட்டுறவங்ககிட்ட பேசுங்க. விடியுறதுக்கு முந்தியே தலையில லைட்ட கட்டிட்டு மரத்துக்கு மரம் நடக்குறவங்க, எந்த மிளா எந்த வேலிய தாண்டி அன்னாசிக்குள்ள இறங்கிச்சுன்னு அவங்களுக்கு மனப்பாடம். எங்க அப்பாவும் அந்த வேலைதான் பாத்தாரு. சீக்கிரமா போனா புல்லுல பனித்துளி தட்டிப்போன கோடு கறுப்பா தெரியும், எட்டு மணி ஆனா அது மறைஞ்சிடும். நாட்டுல கெடக்குற ஆட்டுத் தடத்தயும் மாட்டுத் தடத்தயும் நல்லா பாத்து பழகிட்டு போங்க, இல்லன்னா எல்லாமே மிளாவா தெரியும்.

அக்கா மகனுக்கு கடைசியா ஒண்ணு சொன்னேன், பாட்டா சொன்னது. அடிபட்ட மிளா தண்ணியப் பாத்து போவும், ஒடனே பின்னால ஓடினா அது சாவுற வரை ஓடும், உனக்கும் கிடைக்காது அதுக்கும் நிம்மதி இல்ல. நிச்சயம் இல்லன்னா விரல வைக்காத, சும்மா பாத்துட்டு வந்தாலும் அந்த நாள் வீணா போனதா ஆவாது. அவன் சரி மாமான்னான். அவனுக்க வகுப்புலயும் அடிச்ச பிறகு அரை மணி நேரமாவது காத்திருன்னு சொன்னாங்களாம்.

முந்தாநாள் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். சோளக்காட்டு ஓரம், கறுத்த சேறு, அதுல ஒரு தடம், பக்கத்துல அந்த ஊரு நாணயம் ஒண்ணு. கீழ எழுதியிருக்கான், "மாமா, இது வெள்ளைவால்தான், உள்ள இன்னும் தண்ணி ஊறுது." நான் போட்டோவ பெருசாக்கி பாத்தேன். விளிம்பு நல்லா நிக்குது, ஓரத்துல ஒரு சோள இலை மிதிபட்டு பாதி உள்ள போயிருக்கு. காத்து எந்த பக்கம் இருந்துச்சுன்னு கேட்டு அனுப்பியிருக்கேன், அவனுக்கு இப்பதான் விடியுது.